பழைய மிசினை விற்குமுன் எண்ணெய்க் கணக்கைப் பாருங்கள்

மன்னார்த் தீவிலும் முசலிக் கரையிலும் ஒரு போட்டை வைத்துத் தொழில் செய்பவரிடம் உங்கள் முதல் எதில் கிடக்கிறது என்று கேட்டால் போட்டையும் வலையையும் மிசினையும் காட்டுவார். அவர் சொல்வது சரிதான். ஆனால் வருடக் கடைசியில் எவ்வளவு காசு எங்கே போனது என்று எழுதிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அப்படி எழுதிப் பார்த்தால், மிசின் வாங்கிய காசை விட அதற்கு ஊற்றிய எண்ணெயின் காசு கூடுதலாக நிற்பதைக் காணலாம். மிசினை ஒரு முறை வாங்குகிறோம். எண்ணெயைத் தினமும் வாங்குகிறோம்.

பழைய அவுட்போட் மிசினை விற்று, எண்ணெய் குறைவாகக் குடிக்கும் ஒன்றை வாங்குவது பற்றி அண்மைக் காலமாகப் பலரும் பேசுகின்றனர். நல்ல யோசனைதான். ஆயினும் எல்லோருக்கும் அது இலாபம் தருமா என்பதை முதலில் பார்ப்போம்.

மண்ணெண்ணெய் மிசின் எப்படி வந்தது?

நம் கரைகளில் சிறிய பைபர் போட்டுகளில் பூட்டப்பட்டுள்ளவை பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் மிசின்கள். பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரைக்கு வருமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி நிறுத்தும் வகை. மண்ணெண்ணெயில் ஓடும்போது வலு குறைகிறது, கரி கூடப் பிடிக்கிறது, பிளக் அடிக்கடி கெடுகிறது. இவ்வளவு தொல்லையையும் மக்கள் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம் மண்ணெண்ணெய் மலிவாக இருந்ததுதான். அரசு அதை ஏழை வீட்டு விளக்குக்கும் அடுப்புக்கும் உரிய எண்ணெயாகக் கருதிக் குறைந்த விலைக்குக் கொடுத்து வந்தது. அந்த நிழலில் மீன்பிடித் தொழிலும் வளர்ந்தது.

நம் மக்களைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டி, தாராபுரம், விடத்தல்தீவு, சிலாவத்துறை ஆகிய ஊர்களைச் சேர்ந்த தொழிலாளர் போட்டையும் மிசினையும் கரையில் விட்டுவிட்டுப் புத்தளம் போய்ச் சேர்ந்தனர். இருந்தவர்களுக்கும் யுத்த காலத்தில் குதிரைவலுவுக்கும் எரிபொருளுக்கும் கட்டுப்பாடு. 2009இன் பின் திரும்பி வந்தவர்கள் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்கினார்கள். கைக்குக் கிடைத்த மிசினைப் பூட்டினார்கள். இது எவ்வளவு குடிக்கும் என்று கேட்கும் நிலையில் அன்று யாரும் இருக்கவில்லை.

2012 பெப்ரவரியில் முதல் அடி விழுந்தது. லீற்றர் 71 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் 106 ரூபாவானது. மீனவர் போராட்டம் வெடித்தது. சிலாபத்தில் ஓர் உயிரும் போனது. பின்னர் மானியங்கள் வந்தன, விலையும் இறங்கியது. இரண்டாவது அடி 2022 ஓகஸ்ட் 21ஆம் திகதி நள்ளிரவில் விழுந்தது. 87 ரூபா மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபா. அப்போது 92 ஒக்டேன் பெற்றோல் 450 ரூபா. அதாவது அதற்கு முதல் நாள் வரை பெற்றோலின் விலை மண்ணெண்ணெயைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. மறுநாள் ஒன்றே கால் மடங்கை விடச் சற்றுக் கூட, அவ்வளவுதான். விலைகள் அதன் பின் பல தடவை மாறிவிட்டன. ஆனால் அந்த இரவுக் கணக்கு நமக்கு ஒரு பாடத்தைச் சொல்லித் தருகிறது.

ஒரு மாதக் கணக்கு

எருக்கலம்பிட்டியில் ஒருவர் 25 குதிரைவலு மண்ணெண்ணெய் மிசின் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பயணத்துக்கு 12 லீற்றர். மாதம் 20 பயணம். ஆக 240 லீற்றர். (இவை கணக்கு விளங்குவதற்காக எடுத்த தொகைகள். உங்கள் தொகை வேறாக இருக்கும்.) 87 ரூபா காலத்தில் இவருக்கு மாதம் 20,880 ரூபா முடிந்தது. 340 ரூபாவானதும் அதே கடல், அதே வலை, அதே 240 லீற்றருக்கு 81,600 ரூபா. கூடுதல் செலவு 60,720 ரூபா. பிடிபடும் மீன் ஒரு கிலோவும் கூடவில்லை.

இப்போது அவர் அதே வலுவுள்ள பெற்றோல் ஃபோர் ஸ்ட்ரோக் மிசினுக்கு மாறினால் என்ன நடக்கும்? ஃபோர் ஸ்ட்ரோக் குறைவாகக் குடிப்பதற்குக் காரணம் அதன் அமைப்பு. காபரேற்றர் உள்ள பழைய டூ ஸ்ட்ரோக்கில் புதிய எண்ணெய்க் கலவை உள்ளே வரும் அதே நேரத்தில் எரிந்த புகை வெளியே போகிறது. புகையோடு சேர்ந்து நாலில் ஒரு பங்களவு எண்ணெய் எரியாமலேயே கடலுக்குள் போய்விடுகிறது. மிசினுக்குப் பின்னால் தண்ணீரில் வானவில் நிறத்தில் பரவும் படலம் நாம் காசு கொடுத்து வாங்கிய எண்ணெய்தான். ஃபோர் ஸ்ட்ரோக்கில் உள்ளே வருவதும் வெளியே போவதும் வெவ்வேறு வால்வு வழியாக, வெவ்வேறு நேரத்தில் நடப்பதால் இந்தக் கசிவு இல்லை. மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்று கொண்டால் 12 லீற்றர் 8 லீற்றராகிறது. மாதம் 160 லீற்றர் பெற்றோல், 450 ரூபாப்படி 72,000 ரூபா.

மிச்சம் 9,600 ரூபா. அதோடு கலவைக்கு ஊற்றும் டூ டீ ஒயிலின் காசும் மிச்சம். மோசமில்லை. ஆனால் பழையதை விற்ற காசுக்கு மேல் ஐந்து இலட்சம் ரூபா போட்டுப் புதியதை வாங்கினால், அந்த 9,600 ரூபாவைக் கொண்டு அதை மீட்க 52 மாதங்கள், நாலு வருடத்துக்கு மேல் செல்லும். 87 ரூபா காலத்தில் யாராவது பெற்றோல் மிசினுக்கு மாறியிருந்தால் மாதம் 51,120 ரூபா நட்டம். குறைவாகக் குடிக்கும் மிசின் என்பதும் செலவு குறைந்த மிசின் என்பதும் ஒன்றல்ல என்பது இங்கே விளங்கும்.

ஆகவே பார்க்க வேண்டியது இரண்டு விகிதங்களை. ஒன்று, அன்றைய பெற்றோல் விலையை மண்ணெண்ணெய் விலையால் வகுத்து வருவது. மற்றது, உங்கள் பழைய மிசின் குடிக்கும் லீற்றரைப் புதிய மிசின் குடிக்கும் லீற்றரால் வகுத்து வருவது. மேலே காட்டிய உதாரணத்தில் இரண்டாவது விகிதம் 1.5. விலை விகிதம் 1.5க்குக் கீழே இருக்கும் வரை பெற்றோல் ஃபோர் ஸ்ட்ரோக் இலாபம். அதற்கு மேலே போனால் மண்ணெண்ணெய்தான் இலாபம். இன்றைய விலையைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நாளை அரசு எந்த எண்ணெய்க்கு மானியம் கொடுக்கும், எதைக் கூட்டும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. எனவே விகிதம் 1.5க்குக் கிட்டவாக நிற்கும்போது பெருங்காசு போடுவது புத்தியல்ல.

விசையைக் குறைத்துப் பாருங்கள்

மிசினை மாற்றுமுன் செய்து பார்க்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. அதற்கு ஒரு சதமும் செலவில்லை. முழு விசையில் ஓடும் மிசினின் சுற்றை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், குடிக்கும் எண்ணெய் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவதுண்டு. நம் உதாரணக்காரர் 12 லீற்றரை 9 லீற்றராகக் குறைத்தாலே மாதம் 180 லீற்றர், 340 ரூபாப்படி 61,200 ரூபா. மிச்சம் 20,400 ரூபா. புதிய மிசின் தந்த மிச்சத்தைப் போல் இது இரண்டு மடங்குக்கும் கூட! ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 2012இல் சிறு படகுகளின் எரிபொருள் சிக்கனம் பற்றி ஒரு கைநூலை வெளியிட்டது. எழுதியவர் நோர்வே படகு வடிவமைப்பாளர் ஓய்விந்த் குல்பிரான்சன். வேகத்தைக் குறைக்கும்படிதான் அவரும் வற்புறுத்துகிறார்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தண்ணீரைத் தொடும் நீளம் 18 அடி உள்ள ஒரு போட் சுமார் ஐந்தரை நொட் வேகம் வரை தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும். அதற்கு மேல் வேகம் வேண்டுமானால் போட் தண்ணீரின் மேல் ஏறிச் சறுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில், மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் அமுங்கி ஓடும் நிலைதான் எண்ணெயை வீணாக்குவதில் முதலிடம். வலை, ஐஸ், மூன்று பேர் என்று பாரம் ஏற்றிய பிறகு எவ்வளவு முறுக்கினாலும் சில போட்டுகள் மேலே ஏறுவதில்லை. அப்படிப்பட்ட போட்டுக்கு 40 குதிரைவலு பூட்டினாலும் வீண். போகும்போது மெதுவாகப் போய், பாரம் குறைவான நேரத்தில் மட்டும் ஓட்டுவது நல்லது. மீனின் விலை வேகத்தில் தங்கியிருக்கிறது, ஏலத்துக்கு முந்த வேண்டும் என்பார்கள். உண்மைதான். அரை மணித்தியாலம் முந்தி வந்ததால் கிலோவுக்கு எவ்வளவு கூடக் கிடைத்தது என்பதையும் எண்ணெய்ச் செலவோடு சேர்த்து ஒரு கிழமை எழுதிப் பாருங்கள்.

போட்டின் பாரமும் கவனிக்க வேண்டியது. வருடா வருடம் பைபர் ஒட்டிய போட் புதிதாக வந்தபோது இருந்த பாரத்தில் இருக்காது. தீவில் போட்டைக் கரையில் இழுத்து வைப்பதால் அடியில் பாசி, சிப்பி பிடிக்கும் தொல்லை குறைவு. விடத்தல்தீவு போன்ற இடங்களில் தண்ணீரிலேயே கட்டி வைப்பவர்கள் அடியைச் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

யாருக்கு எது பொருத்தம்?

வலை போட்டுவிட்டுக் காத்திருந்து, மெதுவாக ஓடிக்கொண்டே வலை இழுப்பவருக்கு ஃபோர் ஸ்ட்ரோக் கூடுதல் பயன் தரும். டூ ஸ்ட்ரோக்கின் கசிவு குறைந்த சுற்றில்தான் அதிகம். தூரத்துக்கு ஒரே ஓட்டமாக ஓடி வருபவருக்கு வித்தியாசம் குறைவு.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் பாரம் கூடியது. 40 குதிரைவலுவில் சுமார் 20 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கும். களவுக்குப் பயந்து ஒவ்வொரு நாளும் மிசினைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கிச் செல்பவர் இதை யோசிக்க வேண்டும். தூக்கிச் சென்று கண்டபடி படுக்க வைக்கவும் முடியாது. தப்பான பக்கம் சாய்த்தால் உள்ளே இருக்கும் ஒயில் போகக் கூடாத இடத்துக்குப் போகும். அலையில் கவிழ்ந்து உப்புத் தண்ணீர் ஏறினால், டூ ஸ்ட்ரோக்கைப் போல் கரையில் வைத்துக் கழற்றிப் பூட்டி எடுக்கும் வேலை இல்லை அது. பக்கத்தில் அந்த மிசின் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா, இம்பெலரும் பில்டரும் மன்னார் டவுனில் கிடைக்குமா, கொழும்பிலிருந்து வரவேண்டுமா என்று கேட்டுவிட்டே முற்பணம் கொடுங்கள். கடையில் விற்கும் வழமையான ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது. கலந்து ஊற்றுவதும் கூடாது.

பெற்றோல் வீட்டில் வைக்கும் பொருளல்ல என்பதையும் மறக்கக் கூடாது. மண்ணெண்ணெயைப் போலன்றி, அதன் ஆவி சாதாரண வெயிலிலேயே தீப்பிடிக்கும். சமையலறைப் பக்கம் கலன்கள் அடுக்கும் பழக்கத்தை மிசினோடு சேர்த்து மாற்ற வேண்டும். 2022 தட்டுப்பாட்டில் கலனுக்குப் பெற்றோல் வாங்குவது எவ்வளவு பெரும்பாடாக இருந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

நம் அபிப்பிராயம் இதுதான்: பலருக்குத் தேவை வேறு வகை மிசினல்ல, சிறிய மிசின். 40 வைத்திருப்பவர் 25க்கும், 25 வைத்திருப்பவர் 15க்கும் இறங்கினால் வாங்கும் விலையும் குறைகிறது, பாரமும் குறைகிறது, எண்ணெயும் குறைகிறது. பக்கத்து வீட்டுக்காரர் 40 பூட்டினார் என்பதற்காக நாமும் பூட்டுவது தொழிலல்ல. ஆனால் வடகடலில் வாடைக் காற்றோடு மல்லுக்கட்டுபவருக்குக் கைவசம் கொஞ்சம் வலு வேண்டும் என்பதையும் மறுக்க முடியாது. உயிர் விடயத்தில் லீற்றர் கணக்குப் பார்க்க முடியாது. அங்கே முறுக்குவதைக் குறைக்கலாம், வலுவைக் குறைக்க வேண்டாம்.

அக்கரையில், தமிழ்நாட்டு வள்ளங்களில், நீண்ட தண்டு வைத்த சிறிய டீசல் எஞ்சின்களைக் காணலாம். லொம்பார்டினி என்ற இத்தாலியக் கம்பனியின் வகை அங்கு நன்கு பரவியது. பத்து குதிரைவலு டீசல் எஞ்சின் மணித்தியாலத்துக்கு இரண்டு, இரண்டரை லீற்றரோடு நின்றுவிடும். ஆழம் குறைந்த இடத்தில் தண்டைத் தூக்கிக்கொள்ளலாம். சத்தமும் அதிர்வும் அதிகம், வேகம் குறைவு. அருகில் தொழில் செய்பவர் இதையும் விசாரித்துப் பார்க்கலாம்.

விற்கும்போது

பழைய மிசினை வாங்குபவரும் மேலே சொன்ன கணக்கைத்தான் போடுவார். ஆகவே அவர் கேட்குமுன் விடையை வைத்திருங்கள். டாங்கியில் ஒரு கோடு கீறி, அதுவரை நிரப்பி, வழமையான பயணம் போய் வந்து, மீண்டும் அந்தக் கோடு வரை அளந்து ஊற்றினால் எவ்வளவு குடித்தது என்பது தெரியும். ஐந்து பயணங்கள் இப்படி எழுதிய ஒரு கொப்பித் தாள், நல்ல மிசின் என்ற பத்துச் சத்தியத்தை விடப் பெறுமதி. வாங்குபவரைக் கடலுக்கு ஏற்றிச் சென்று காட்டுங்கள்.

கவனமாக வாங்குபவர் பார்க்கும் இடங்கள் இவை: கியர் ஒயில் பால் நிறமாக இருந்தால் சீல் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கிறது. குளிர்த்தும் தண்ணீர் பின்னால் சீராகப் பாய வேண்டும். எல்லா சிலிண்டரிலும் கொம்பிரசன் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். மண்ணெண்ணெய் மிசினில் கரியால் ரிங் ஒட்டியிருந்தால் இதில்தான் அகப்படும். இவற்றில் சில்லறை வேலைகளைச் செய்துவிட்டு விற்பது இலாபம். கொம்பிரசன் போன மிசினை முழுதாகத் திருத்தி விற்றால் போட்ட காசு திரும்பி வராது. உள்ளதைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்குக் கொடுப்பதே நல்லது. பெயின்ற் அடித்துக் குறையை மறைப்பது ஆகாது என்பதை இப்பத்தியின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாங்குபவர் அந்த மிசினை நம்பித்தான் நடுக்கடலுக்குப் போகிறார்.

காலமும் விலையைத் தீர்மானிக்கும். தென்கடல் அமைதியாகும் காலத்தில் சிலாவத்துறை, அரிப்புப் பக்கம் வெளியூர்த் தொழிலாளர் வாடி அடித்து வருவார்கள். அந்தப் பருவம் தொடங்குமுன் மிசின் தேடுவோர் அதிகம். பருவம் முடிந்து விற்பவர் அவசரக்காரர் ஆகிறார்.

முதலாளியின் காசு

இனி, புதிய மிசினுக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். பலருக்கு மீன் வாங்கும் முதலாளிதான் கொடுக்கிறார். வட்டி இல்லை, மீனை எனக்கே தர வேண்டும், அவ்வளவுதான் என்பது பேச்சு. ஆனால் கிலோவுக்குச் சந்தை விலையை விட 20 ரூபா குறைத்து எடுத்தால், நாளொன்றுக்கு 40 கிலோவுக்கு 800 ரூபா. 20 நாளைக்கு 16,000 ரூபா. நம் உதாரணக்காரருக்குப் புதிய மிசின் மிச்சப்படுத்தித் தந்தது 9,600 ரூபா. அப்படியானால் எண்ணெயில் மிச்சம் பிடித்ததை எல்லாம் மீனில் கொடுத்து, மேலும் 6,400 ரூபா நட்டப்படுகிறார். வாங்கிய முதலும் அப்படியே நிற்கிறது! இதை வட்டி என்று யாரும் சொல்லாததால் அது வட்டியில்லாமல் போய்விடாது. இப்பத்தியை வாசிப்போரில் மீன் முதலாளிமாரும் இருக்கின்றனர். மிசினைத் தாமே வாங்கி, வெளிப்படையாக இலாபம் வைத்து, தவணைக்கு விற்று, மீனைச் சந்தை விலைக்கு எடுத்தால் இருவருக்கும் கணக்குத் தெளிவாக இருக்கும். முராபஹா என்று வங்கிகள் செய்வதும் ஏறக்குறைய இதுவே. 2011 முதல் இயங்கும் அமானா வங்கி போன்றவற்றில் படகு மிசினுக்கு இவ்வசதி கிடைக்குமா என்பதைக் கிளையில் விசாரிக்கலாம்.

பத்திரங்களும் முதல் மாதமும்

விற்கும்போதும் வாங்கும்போதும் மிசினில் உள்ள இலக்கத்தைக் கண்ணால் பார்த்து, பற்றுச்சீட்டில் எழுதி, இரு தரப்பு அடையாள அட்டை இலக்கமும் சாட்சிக் கையெழுத்தும் இடுங்கள். இலக்கம் சுரண்டப்பட்ட மிசின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் கை வைக்க வேண்டாம். பற்றுச்சீட்டின் பிரதியோடு கடற்றொழில் பரிசோதகரிடம் சென்று, போட்டின் பதிவில் உள்ள மிசின் விபரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் இருக்கும் பழைய மிசின் வேறு எங்காவது அகப்பட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

புதியதை முதல் பத்து மணித்தியாலங்களுக்கு முழு விசையில் ஓட்டக் கூடாது. ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் ஏறக்குறைய 20 மணித்தியாலத்தில் முதல் ஒயிலை மாற்ற வேண்டும். மிசினோடு வரும் புத்தகத்தில் எழுதியிருப்பதையே பின்பற்றுங்கள். சுற்றைக் காட்டும் மீற்றரை ஒரு நாள் இரவல் வாங்கிப் பூட்டி, வழமையான பாரத்தோடு முழு விசையில் பாருங்கள். சொல்லப்பட்ட சுற்றுக்கு ஏறாவிட்டால் புரொப்பலரின் பிட்ச் கூடிவிட்டது, குறைந்ததை மாற்றுங்கள். தாண்டிப் போனால் பிட்ச் போதாது. கடைக்காரரிடம் வாங்கும்போதே புரொப்பலரை மாற்றித் தருவீர்களா என்று கேட்டுப் பில்லில் எழுதிக்கொண்டால் இந்தச் செலவு உங்கள் தலையில் விழாது.